மாடித் தொட்டியில் குட்டை வாழை: பத்து மாதமாகியும் ஏன் குலை தள்ளவில்லை?

கேள்வி இதுதான். சென்னையில் ஒரு மொட்டை மாடி. ஒன்றேகால் அடி அகலப் பையில் திசு வளர்ப்புக் குட்டை வாழைக் கன்று (ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த கன்று) ஒன்றை நட்டுப் பத்து மாதம் முடிந்துவிட்டது. இன்னும் குலை தள்ளவில்லை. இலைகள் நார் நாராகக் கிழிந்து தொங்குகின்றன, ஓரமெல்லாம் கருகுகிறது, அடியில் நான்கு கன்றுகள் வேறு. வாழையைத் தொட்டியில் வைத்ததே தப்போ, பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிடுங்காதீர்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்கள் வாழை தாமதமாகவே இல்லை. அதற்கு இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான். வாழைக்கு மாதக் கணக்கு கிடையாது, இலைக் கணக்குதான் உண்டு. திசு வளர்ப்புக் கன்று நட்டதிலிருந்து முப்பது முதல் நாற்பது இலை விட்ட பிறகுதான் குலை தள்ளும். நிலத்தில், நல்ல வெயிலில், எருவும் தண்ணீரும் குறையாமல் இருந்தால் ஏழு முதல் பத்து நாளுக்கு ஓர் இலை வரும். அந்த வேகத்தில் ஏழெட்டு மாதத்தில் கணக்கு முடிந்துவிடும். 'எட்டு மாதத்தில் குலை' என்று நர்சரியில் சொல்வது இந்தக் கணக்கைத்தான். சின்னப் பையில் வேர் சுற்றிக்கொண்டு நிற்கும் வாழையோ இரண்டு வாரம், மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் இலை விடும். அப்படியென்றால் பத்து மாதத்தில் இருபது இலைதான் ஆகியிருக்கும்.

இனிமேல் ஒவ்வொரு புது இலை விரிந்ததும் அதன் காம்பில் அழியாத மார்க்கர் பேனாவால் தேதி எழுதி வையுங்கள். நான் பன்னிரண்டு வருடமாக மாடியில் வாழை வளர்க்கிறேன். உரமும் மருந்தும் கற்றுத் தராததை இந்தத் தேதிகள் எனக்குக் கற்றுத் தந்தன. இரண்டு தேதிகளுக்கு இடையே பத்து நாள் இருந்தால் மரம் சந்தோஷமாக இருக்கிறது. இருபது நாள் என்றால் எதற்கோ ஏங்குகிறது.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. உங்கள் கேள்விக்கான பதிலே அதுதான். நாம் மரம் என்று சொல்லும் வாழையின் தண்டு உண்மையில் தண்டே இல்லை. இலைகளின் அடிப்பட்டைகள் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு நிற்பதுதான் அது. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. இலைக் கணக்கு ஓரளவு முடிந்ததும் அந்தக் கிழங்கின் நுனி இலை உண்டாக்குவதை நிறுத்திவிட்டுப் பூவை உண்டாக்க ஆரம்பிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்போது உள்ளே பத்துப் பன்னிரண்டு இலைகள் வெளிவராமல் பாக்கி இருக்கும். அவை ஒவ்வொன்றாக வந்து முடிய, பூ பட்டைகளுக்கு நடுவே மெல்ல ஏறி, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தலையை நீட்டும். குலையில் எத்தனை சீப்பு என்பது அந்த ஆரம்ப நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது. பூ வெளியே தெரிந்த பிறகு எவ்வளவு உரம் கொட்டினாலும் ஒரு சீப்புகூட அதிகமாகாது. காய் கொஞ்சம் பருக்கும், அவ்வளவே.

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். கன்றாக இருக்கும்போது 'சின்னச் செடிதானே' என்று சின்னப் பையில் வைத்துத் தண்ணீர் மட்டும் ஊற்றுவார்கள். பூ தள்ளியதும் ஆசை வந்து உரக்கடைக்கு ஓடுவார்கள். வாழை ஒரு முறைதான் ஈனும். அந்த ஒரு முறைக்கான தீனியை அது முதல் ஐந்தாறு மாதத்தில் கேட்கிறது. உங்கள் மரம் இருபது இலையில் நிற்கிறது என்றால் பூ இன்னும் உள்ளே உண்டாகாமல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. புது இலைகள் முந்தையதைவிட நீளமாகவும் அகலமாகவும் வந்துகொண்டிருந்தால் தைரியமாக நம்பலாம். இலை திடீரெனக் குட்டையாகவும் குறுகலாகவும் வர ஆரம்பித்தால் பூ மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படி இல்லாதவரை உங்களுக்குக் காலம் இருக்கிறது. ஆகவே தொட்டியை இந்த வாரமே மாற்றுங்கள்.

எதற்கு மாற்றுவது? நீல நிற இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் ட்ரம்மைக் குறுக்கே பாதியாக அறுத்தால் கிடைக்கும் தொட்டிதான் என் தேர்வு. கிட்டத்தட்ட இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம். வாழை வேரில் பெரும்பகுதி மேல் ஒரு அடி மண்ணிலேயே பக்கவாட்டில் ஓடும், அதனால் ஆழத்தைவிட அகலம் முக்கியம். உயரமான குறுகலான தொட்டி வாழைக்கு ஆகாது. கறுப்புப் பை என்றால் ஏப்ரல், மே வெயிலில் பக்கச் சுவர் சுட்டு வேர் வெந்துவிடும், அதைச் சுற்றிப் பழைய சாக்கு கட்டுங்கள். ட்ரம்மின் அடியிலும், அடியை ஒட்டிய பக்கச் சுவரிலும் ஏழெட்டு ஓட்டை போடுங்கள். நனைந்த மண்ணோடு அது நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ வரை போகும் என்பதால் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே தூணோ உத்தரமோ இருக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். நிரப்பிய பின் நகர்த்தவே முடியாது.

மண் கலவைக்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. செம்மண், மக்கிய மாட்டெரு, ஊறவைத்துக் கழுவிய தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு, கூடவே அரைக் கிலோ வேப்பம் பிண்ணாக்கு. தொட்டியை விளிம்பு வரை நிரப்பாமல் மேலே ஐந்து அங்குலம் காலியாக விடுங்கள். வாழைக் கிழங்கு வளர வளர மேல்நோக்கி ஏறும், அடுத்த தலைமுறைக் கன்று இன்னும் மேலே முளைக்கும். அப்போது மண் அணைக்க இடம் வேண்டும். இல்லாவிட்டால் கிழங்கு வெளியே தெரிந்து மரம் ஆட ஆரம்பிக்கும்.

மாற்றும்போது பையைக் கத்தியால் கிழித்து, மண்கட்டி உடையாமல் அப்படியே இறக்குங்கள். வேரைப் பிரித்து விடுகிறேன் என்று கை வைக்க வேண்டாம். ஒரு வாரம் இலை தொய்ந்து நிற்கும், பயப்பட வேண்டியதில்லை.

அந்த நான்கு கன்றுகள். நான்கையும் மண்மட்டத்துக்குக் கீழே கிழங்கை ஒட்டி அறுத்துவிடுங்கள். மனசு வராது, தெரியும். வாழையடி வாழை என்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அவை எல்லாம் ஒரே கிழங்கின் சோற்றைப் பங்கு போடுபவை. நிலத்தில் நான்கு திசைக்கு வேர் ஓடும். நூறு லிட்டர் மண்ணில் நான்கு கன்றோடு தாய் ஈனுவது நடக்காத காரியம். பூ தள்ளும்வரை வருகிற கன்றை எல்லாம் அறுத்துக்கொண்டே இருங்கள். பூ தள்ளிய பிறகு ஒன்றே ஒன்றை விடுங்கள். அதுவும் ஈட்டி போலக் குறுகிய இலையும் பருத்த அடியும் கொண்ட ஈட்டிக் கன்றாக இருக்க வேண்டும். சின்ன வயதிலேயே அகல இலை விரிக்கும் நீர்க்கன்று பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதன் கிழங்கில் சத்து இருக்காது.

சரி, ஓரம் கருகுவதற்கு வருவோம். சென்னை மாடிகளில் இதற்குப் பெரும்பாலும் உப்புதான் காரணம். வாழை உப்பு தாங்காத பயிர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற ஊற்றத் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு மட்டும் தொட்டியில் தங்குகிறது. மண்ணின் மேலும் பையின் ஓரத்திலும் வெள்ளைப் பூப்பு தெரிகிறதா பாருங்கள். இன்னொன்றும் கேட்கிறேன். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் அதன் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுகிறீர்களா? தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பலர் செய்வது இது. அந்தத் தண்ணீரில் குழாய்த் தண்ணீரைவிட உப்பு அதிகம். அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், வாழைக்கு வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது. அதைக் குடத்தில் பிடித்து ஊற்றலாம். மழைத் தண்ணீரோ குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ கிடைக்கும்போது, மாதம் ஒரு முறை தொட்டியின் அடி ஓட்டைகளில் வழிந்து ஓடும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள்.

தினசரித் தண்ணீர் எவ்வளவு என்றால், கோடையில் ஆளுயரக் குட்டை வாழைக்குக் காலையும் மாலையும் ஊற்ற வேண்டியிருக்கும். லிட்டர் கணக்கைவிட விரல் கணக்கு நல்லது. இரண்டு அங்குலம் விரலை விட்டால் ஈரம் தட்டுப்பட வேண்டும், சேறு தட்டுப்படக் கூடாது. காய்ந்த சருகை எறியாமல் துண்டு துண்டாக வெட்டி மண்மேல் மூடாக்காகப் போடுங்கள். பாதித் தண்ணீர் மிச்சமாகும்.

இலை கிழிவது நோயே அல்ல. காற்று வந்தால் வாழை இலை கிழியத்தான் செய்யும். கிழிந்தால்தான் காற்று ஊடே போய் மரம் சாயாமல் நிற்கும். விரல் அகலத்துக்கும் குறைவாக நூல் நூலாகக் கிழிந்தால்தான் கவலை. அது உங்கள் மாடியில் காற்று அதிகம் என்பதைச் சொல்கிறது. கைப்பிடிச் சுவரை ஒட்டி, காற்று வரும் பக்கம் பச்சை வலை கட்டினால் போதும். வெயிலை மறைத்துவிடாதீர்கள். ஆறு மணி நேர வெயிலாவது இல்லாத இடத்தில், குறிப்பாக வீட்டுக்குள் கூடத்தில், வாழை இலைதான் விடும்.

அப்புறம் இலை அறுப்பது. வீட்டில் வாழை இருந்தால் அமாவாசைக்கும் விருந்துக்கும் இலை கேட்பார்கள். பூ தள்ளும் முன் எப்போதாவது ஒன்று அறுக்கலாம். பூ தள்ளிய பிறகு ஒன்றுகூட வேண்டாம். அதற்குப் பிறகு அந்த மரம் புது இலையே விடாது. இருக்கிற பத்து, பன்னிரண்டு இலையை வைத்துத்தான் மூன்று மாதம் காயைப் பருக்கவைக்க வேண்டும். எட்டு இலைக்குக் கீழே போனால் காய் ஒல்லியாகவே நின்றுவிடும்.

இப்போது தீனி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தோட்டக்கால் (கிணற்றுப் பாசன நில) வாழைக்கு, நேந்திரன் போன்ற சில ரகங்கள் நீங்கலாக, மரத்துக்கு 110 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்), 35 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 330 கிராம் சாம்பல்சத்து (பொட்டாசியம்) பரிந்துரைக்கிறது. தழைச்சத்தைப்போல மூன்று மடங்கு சாம்பல்சத்து! மாடித்தோட்டக்காரர்கள் மண்புழு உரமும் பஞ்சகவ்யமும் ஊற்றிவிட்டுக் குலை வரவில்லையே என்று வருந்துவதற்கு இதுவே பாதிக் காரணம். இலை செழிக்கும், சாம்பல்சத்து போதாது. அடி இலைகள் நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி, நடுநரம்பு மடிந்து இலை கீழே தொங்கினால் அது சாம்பல்சத்துக் குறை. வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீரால் இது தீராது. அதில் இருப்பது சொற்பம்.

தொட்டியில் பாதி அளவு போதும், ஆனால் சிறு சிறு பங்காகக் கொடுக்க வேண்டும். நான் பதினைந்து நாளுக்கு ஒரு முறை 20 கிராம் பொட்டாசியம் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறேன். கூடவே ஒரு கைப்பிடி, ஏறக்குறைய 50 கிராம், கடலைப் பிண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்துக் கரைத்த தண்ணீர். கடையில் 'பொட்டாஷ்' என்று கேட்டால் சிவப்பாக ஒன்றைத் தருவார்கள். அது குளோரைடு உள்ளது. நிலத்துக்கு அது சரி. ஏற்கெனவே உப்பு ஏறிய தொட்டிக்கு சல்பேட்டையே கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான். அடுப்புச் சாம்பல் போடலாமா என்றால், உங்கள் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பதால் வேண்டாம் என்பேன், மண்ணின் காரம் இன்னும் ஏறும். திருச்சியில் 1993இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 'பனானா சக்தி' என்று ஒரு நுண்ணூட்டக் கலவை தயாரித்திருக்கிறது. கிடைத்தால் இலையில் தெளிக்கலாம்.

உங்களிடம் இருப்பது உண்மையிலேயே குட்டை ரகம்தானா என்பதையும் ஒரு முறை பாருங்கள். குட்டை கேவண்டிஷ் என்ற ரகம் ஐந்து, ஆறு அடியோடு நிற்கும். ஜி-9 என்று விற்கும் கிராண்ட் நைன் அதே குடும்பம்தான், பெயரின் பொருள் பிரெஞ்சில் 'பெரிய குள்ளன்'. அது ஏழடி தாண்டும். ஒரு முறை நான் குட்டை என்று கேட்டு வாங்கி வந்த கன்று ஜி-9 ஆக வளர்ந்து நின்றது. மாடியில் அந்த ஓரிரு அடி வித்தியாசம் கார்த்திகை மாதப் புயல் காற்றில் தெரியும். பூவனையும் கற்பூரவள்ளியையும் செவ்வாழையையும் மாடிக்குக் கொண்டுவர வேண்டாம். அவை பத்தடி, பன்னிரண்டு அடி மரங்கள். கன்றாக இருக்கும்போது இலையில் ஊதா கலந்த சிவப்புத் திட்டுகள் இருந்தனவா? திசு வளர்ப்பு கேவண்டிஷுக்கு அது இயல்பு, நோய் என்று நினைத்து மருந்து அடிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

தொட்டியில் வைத்ததே தப்போ என்று கேட்டீர்களே, இந்தக் கேவண்டிஷ் ரகத்தின் கதையே செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில்தான் ஆரம்பிக்கிறது. தென்சீனத்திலிருந்து மொரிசியஸ் தீவுக்கு வந்து, அங்கிருந்து 1829 வாக்கில் இங்கிலாந்துக்குப் போன செடி இது. டெவன்ஷர் பிரபு வில்லியம் கேவண்டிஷின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் இதைக் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்தார். கொழுத்த மண், நன்றாக மக்கிய எரு, நிறையத் தண்ணீர், குறையாத வெதுவெதுப்பு. 1835 நவம்பரில் பூத்தது. அந்த எஜமானரின் குடும்பப் பெயர்தான் ரகத்துக்கு நிலைத்தது. பனிக்கொட்டும் ஊரில், கூரைக்குக் கீழே குலை தள்ளிய செடிக்கு உங்கள் மாடி பெரிய சவால் இல்லை. நம் வெயில் இருக்கிறது. அவர் மண்ணிலும் எருவிலும் கஞ்சத்தனம் பண்ணவில்லை, நாமும் பண்ணாமல் இருந்தால் போதும்.

நோய்களில் ஒன்றை மட்டும் அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: முடிக்கொத்து நோய். புது இலைகள் விரியாமல், குறுகி, விறைப்பாக, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். காம்பில் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாகத் தெரியும். அசுவினி என்ற சின்னப் பூச்சி பரப்பும் வைரஸ் இது, மருந்து கிடையாது. சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் விருப்பாச்சி மலைவாழையைச் சூறையாடியது இதுதான். கண்டால் கிழங்கோடு எடுத்து அழித்துவிடுங்கள், கன்றை யாருக்கும் கொடுக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் ஆசையாகக் கொடுக்கும் பக்கக் கன்றை வாங்காமல் திசு வளர்ப்புக் கன்றாக நீங்கள் வாங்கியது இந்த வகையில் நல்ல முடிவு. வேப்பெண்ணெய்க் கரைசலை இலைக்காம்பு இடுக்கில் படும்படி அவ்வப்போது தெளித்தால் அசுவினி அடங்கும். தண்டில் ஓட்டையும் பிசினும் கண்டால் அது தண்டுக் கூன்வண்டு. காய்ந்த பட்டைகளை உரித்துச் சுத்தமாக வைத்தால் அது ஒளிய இடம் இருக்காது.

பூ தள்ளியதும் வரும் வேலைகள் சின்னச் சின்னவை. கடைசிச் சீப்பு விரிந்து ஒரு வாரம் ஆனதும் பூவை ஒடித்துச் சமைத்துவிடுங்கள். பால் சொட்டும், பழைய துணி உடுத்திக்கொண்டு ஒடியுங்கள், கறை போகாது. குலைப் பக்கம் மரம் சாயும் என்பதால் ஒரு சவுக்குக் கம்பை முட்டுக் கொடுங்கள். வெயில் நேராகப் படும் பக்கத்தைச் சருகால் மூடுங்கள். முதல் முறை எனக்கு வந்தது மூன்றே சீப்பு. பெரிய தொட்டிக்கு மாறிய பிறகு ஐந்து, ஆறு வந்திருக்கிறது. நிலத்து வாழையோடு இதை ஒப்பிட வேண்டாம்.

மூன்று, மூன்றரை மாதத்தில் காயின் விளிம்புகள் மழுங்கி உருண்டு வரும். அப்போது வெட்டலாம். வெட்டிய பிறகு பலர் ஒரு விஷயத்தில் ஏமாந்து போகிறார்கள்: மஞ்சளாகட்டும் என்று காத்திருந்து அழுகவிட்டுவிடுவார்கள். கேவண்டிஷ் நம் ஊர்ச் சூட்டில் மஞ்சளாகாது. சுமார் 24 டிகிரிக்கு மேல் இருந்தால் சதை பழுத்தாலும் தோலின் பச்சை முழுதாகப் போகாது. பச்சை வாழைப்பழம் என்று நாம் பெயர் வைத்திருப்பது அதனால்தான். கடையில் மஞ்சளாகத் தெரிவது குளிர் அறையில் பழுக்கவைத்தது. அழுத்தினால் மெத்தென்று இருந்து வாசனை வந்தால் உரித்துச் சாப்பிடுங்கள். எல்லாச் சீப்பும் ஒன்றாகப் பழுக்கும். இரண்டு சீப்பைக் காயாகவே பொரியலுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குலை வெட்டியதும் தாய் மரத்தை அடியோடு சாய்க்க வேண்டாம். மேல் பாதியை மட்டும் வெட்டித் தண்டைச் சமைத்துவிட்டு, மூன்றடி உயரத்துக்கு அடிமரத்தை அப்படியே விடுங்கள். அதில் இருக்கும் நீரும் சத்தும் நீங்கள் விட்டு வைத்த கன்றுக்கு மெல்ல இறங்கும். ஒன்றிரண்டு மாதத்தில் அது தானாக வற்றிச் சரியும். அப்போது எடுத்துவிட்டு, காலியாக விட்ட அந்த ஐந்து அங்குலத்துக்கு எருவும் மண்ணும் போட்டு அணையுங்கள்.

இன்னொன்று. அடுத்த முறை புதிதாக ஒரு கன்று நடுவதானால் ஆடியில் நடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் காற்றிலும் மரம் இன்னும் குட்டையாக இருக்கும், பெரும்பாலும் மாசி, பங்குனி வாக்கில் பூ தள்ளும், புயல் காலத்துக்கு முன்பே குலை வீட்டுக்குள் வந்துவிடும். தையில் நட்டால் குலையைச் சுமந்துகொண்டு மரம் புயலில் நிற்க வேண்டிவரும். இப்போது இருக்கும் மரத்துக்கு முதல் தேதியை இன்றைக்கே காம்பில் எழுதுங்கள். நான்கு இலை வந்த பிறகு அந்தத் தேதிகளைச் சொன்னால், பூ எப்போது வரும் என்று என்னால் ஓரளவு கணக்குப் போட்டுச் சொல்ல முடியும்.